இல்லாத மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர்

என் கை நடுங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்குச் சம்பளமே அதற்குத்தான் தருகிறார்கள். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு கடைவாய்ப்பல் தலைமுடி கனத்துக்கு உயர்ந்துவிட்டால் போதும். போட்டுக்கொண்டவர் அன்றைக்கே வந்து டாக்டரைத் திட்டுவார், டாக்டர் எங்கள் முதலாளியைத் திட்டுவார், முதலாளி என்னைத் திட்டுவார். எனக்குக் கீழே திட்டுவதற்கு ஆள் கிடையாது. அதனால் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனை எடுத்து, முந்நூறு மீட்டர் தள்ளி நிற்பவனைச் சுடுகிறேன்.

நால்வராகச் சேர்ந்து விளையாடும் விளையாட்டு அது. என் கூட்டாளிகள் மூன்று பேரையும் நான் நேரில் பார்த்ததில்லை. 'லாரி' என்று பெயர் வைத்துக்கொண்டவன் நிஜமாகவே லாரி ஓட்டுகிறான். 'தூக்கம்' ஏதோ ஒரு கிடங்கில் காவல்காரர். 'டீச்சர்' கணக்குப் பாடம் எடுக்கிறவள். என் தொழிலைக் கேட்டுவிட்டு எனக்குக் 'கொறடு' என்று பெயர் வைத்தார்கள், ஆனால் கூப்பிடுவது அக்கா என்றுதான். அவர்கள் ஓடுவார்கள், நான் எங்காவது உயரத்தில் படுத்துக்கொண்டு எதிரியைக் கவனிப்பேன். குனி என்றால் மூன்று பேரும் குனிவார்கள். நில் என்றால் நிற்பார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வீட்டில், இருபத்து நான்கு வருடமாக, "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போங்க" என்கிறேன். இவர் வானத்தைப் பார்த்துவிட்டுக் குடையில்லாமல் போய், நனைந்துகொண்டு வருகிறார்.

இவர் என்பது என் வீட்டுக்காரர். நான் விளையாடுவது இவருக்குத் தெரியும், ஆட்சேபணை கிடையாது. வெளியாருக்குத் தெரிவதில்தான் ஆட்சேபணை. ஏழு மணிக்கு மேல் யாராவது கதவைத் தட்டினால் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுப் போய், "அவளுக்குத் தலைவலி, படுத்திருக்கா" என்பார். இரண்டு வருடமாக எனக்குத் தலைவலி. மேல்வீட்டு அம்மா இதுவரை நான்கு டப்பா தைலம் கொடுத்திருக்கிறார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தாயா என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்டதும் உண்டு. எனக்கு அவமானமாக இருக்கும். விளையாடுவதற்காக இல்லை, நோயாளியாக்கப்படுவதற்காக.

அந்த மாதம் பன்னிரண்டாம் தேதி அந்த விளையாட்டை நடத்தும் கம்பெனிக்காரர்கள் ஓர் அறிவிப்பு போட்டார்கள். மாதக் கடைசியோடு போனில் விளையாடுவது நிறுத்தம், ஒன்றாம் தேதியிலிருந்து கம்ப்யூட்டரில் மட்டும்தான். டீச்சர் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. தூக்கத்துக்கு அண்ணன் மகன் பழையது ஒன்று கொடுத்துவிட்டான். லாரி எங்கிருந்தோ ஏற்பாடு செய்துவிட்டான். நான்தான் பாக்கி.

"அக்கா, மூணு பேரா உள்ள விட மாட்டாங்க," என்றான் லாரி. "ஒண்ணாந்தேதி நீங்க இல்லைன்னா நாலாவது ஆளா டீச்சரோட கொழுந்தனைத்தான் சேக்கணும். அவன் பத்துக்கு ரெண்டுதான் சுடுவான். ஆனா கம்ப்யூட்டர் வச்சிருக்கான்."

பத்துக்கு இரண்டு சுடுகிறவன் என் இடத்தில் படுத்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் பணம் இருந்தது. இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதலாகச் செய்த பற்களின் பணம், என் பெயரில், என் கணக்கில். பெரிய தொகை இல்லை. விளையாடும் கம்ப்யூட்டர்களில் கடைசி வரிசைக்குப் போதும். நேரே போய் வாங்கியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், சாப்பிடும்போது இவரிடம், "எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும்," என்று சொன்னேன்.

'வாங்கணும்' என்ற சொல்லை இவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. இவர் ஒரு பெரிய அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு. பல்பு, நாற்காலி, தண்ணீர்க் குழாய், பினாயில் எல்லாம் இவர் கையெழுத்தில்லாமல் உள்ளே வராது. மூன்று கடைக்குக் குறையாமல் விலைப்புள்ளி வாங்கி, ஒப்பிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் எது குறைவோ அதற்குச் சிவப்பு வட்டம் போடுவார். வாங்குவது என்றால் மற்றவர்களுக்குப் பொருள் ஞாபகம் வரும், இவருக்கு வட்டம் ஞாபகம் வரும். மறுநாளே புது அட்டைக் கோப்பு ஒன்று வந்துவிட்டது, நாடா கோத்து, மேலே தலைப்பு எழுதி.

"தனித்தனியா பார்ட்ஸ் வாங்கி நாமளே சேத்துக்கிட்டா மலிவாம்," என்றார். "ஆபீஸ்ல விசாரிச்சேன். நீ எதுக்கும் கவலைப்படாத."

கவலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

முதலில் போன கடை, செருப்புத் தைக்கிறவருக்கும் நகல் எடுக்கும் கடைக்கும் நடுவே இரண்டு ஆள் அகலத்தில் இருந்தது. கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு, திறந்துகிடந்த ஒரு பெட்டிக்குள் தூசி ஊதிக்கொண்டிருந்தார். கேமிங் கம்ப்யூட்டர் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டு, "பையனுக்கு," என்றார்.

எங்களுக்குப் பையன் கிடையாது. ஒரே மகள், வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், லிஃப்டில் ஏறினாலே தலைசுற்றும் அவளுக்கு, இந்த மாதிரி விளையாட்டுப் பக்கமே வரமாட்டாள்.

"வெளையாட்டுக்கு மட்டுமா, படிப்புக்குமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"படிப்புக்கும்தான். ப்ராஜெக்டெல்லாம் இருக்கும்ல," என்றார் இவர், கூசாமல்.

கடைக்காரர் ஒரு பழைய அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அதில் எட்டு வரி எழுதினார். பிராசஸர், மதர்போர்டு, ராம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, டிஸ்க், கேபினட், மானிட்டர். படிப்புக்கென்று டிஸ்க்கைப் பெரிதாகப் போட்டார். கூட்டினால் என் பணத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

"கீபோர்டும் மவுஸும் கடைசில பாத்துக்கலாம்," என்றார். "ஆனா ஒண்ணு சார். இதுல ஒண்ண மாத்தினா இன்னொண்ணையும் மாத்தணும். எல்லாம் ஜோடி ஜோடியா போட்டிருக்கேன்."

எனக்கு அவர் சொன்னது உடனே புரிந்தது. மேல்பல்லைக் கீழ்ப்பல்லோடு சேர்த்துப் பார்க்காமல் யாராவது செய்வார்களா. இவர் அட்டையை வாங்கிக் கோப்பில் சொருகிக்கொண்டு வெளியே வந்தார்.

"இங்கயே வாங்கிடலாங்க. வெவரமான ஆளா தெரியுறாரு," என்றேன்.

"ஒரே கொட்டேஷன்ல வாங்கினா ஆடிட்ல மாட்டுவோம்."

"நம்ம வீட்டுக்கு யாரு ஆடிட்?"

"அது அவங்கவங்க மனசாட்சி."

"சரி. பையன் யாரு?"

கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார். "பொம்பளைங்க அதுவும் இந்த வயசுல விளையாடறாங்கன்னா தலையில கட்டிடுவான். பையன்னா வந்து கேள்வி கேப்பான்னு ஒரு பயம் இருக்கும்." கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். சிரித்தது என் தப்பு.

அதற்குப் பிறகு ஐந்து கடை. ஒவ்வொரு கடையிலும் பையன் வளர்ந்தான். இரண்டாவது கடையில் அவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். மூன்றாவதில் கணக்கில் புலி. நான்காவதில், "கொஞ்சம் பிடிவாதம், அவங்கம்மா மாதிரி" என்று என்னைக் காட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்து அனுதாபமாகத் தலையாட்டினார். ஐந்தாவது கடையில் பையன் நல்ல உயரம், மேஜை உயரமாக இருந்தால்தான் முதுகு வலிக்காது. இவர் உயரம் ஐந்தடி நான்கு, நான் அதிலும் இரண்டு அங்குலம் குறைவு. அந்தக் கடைக்காரருக்கு ஒரு மகள் இருந்தாள் போலிருக்கிறது, பையனுக்கு வயசு என்ன, படிப்பு முடிந்து என்ன செய்வதாக உத்தேசம் என்று விசாரணை வேறு திசையில் போகத் தொடங்கியது. நான் இருமினேன். இவர் நிறுத்தவில்லை. மேலே படிக்கவைக்கப் போகிறாராம்.

இவருக்கு அவன்மேல் உண்மையிலேயே பிரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். பேசும்போது முகம் மலர்ந்துவிடும். என்னைப் பற்றி வெளியே பேசி அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என்னைப் பற்றிச் சொல்ல இவருக்கு ஒரே செய்திதான், தலைவலி.

கடை கடையாக ஏறி இறங்கியதில் தேதி இருபத்தைந்து ஆகிவிட்டது. இவர் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார். எட்டு வரி, ஆறு பத்தி, ஒவ்வொரு வரியிலும் ஒரு சிவப்பு வட்டம். பட்டியலின் தலையில் 'பயன்படுத்துபவர்' என்று ஓர் இடம். அதில் அழகான கையெழுத்தில் 'மகன்' என்று எழுதியிருந்தது.

"வீட்டுக்குள்ளயுமா?" என்றேன்.

"கடைக்காரங்கிட்ட காட்ட வேண்டியிருந்துச்சு. ரெண்டு எடத்துல ரெண்டு மாதிரி எழுதக் கூடாது."

"அது போகட்டும். மொதல்ல போனோமே, அந்த ஒல்லிக் கடைக்காரர் எல்லாம் ஜோடின்னு சொன்னாரே. நீங்க வரிக்கு வரி வேற கடையில வட்டம் போட்டிருக்கீங்க."

"அது வியாபாரத் தந்திரம். எல்லாத்தையும் தங்கிட்டயே வாங்க வைக்கறதுக்கு. நான் பாக்காத வியாபாரியா?"

சனிக்கிழமை ஆறு கடையிலும் போய் எட்டுச் சாமான் வாங்கிவந்தார். என் பணத்தில் கணிசமாக மிச்சம் பிடித்திருந்தார். அந்த மிச்சத் தொகையைக் கோப்பில் எழுதி அடியில் இரட்டைக் கோடு இழுத்தார். இரட்டைக் கோடு இழுத்த அன்று இவர் ஒரு பிள்ளை பெற்ற திருப்தியோடு தூங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் பரப்பினேன். பல் செய்யும்போது மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். முதலில் பிராசஸர். அது மதர்போர்டில் இருக்கும் ஒரு சதுரத்தில் அமுக்காமலேயே தானாக உட்கார வேண்டும். உட்காரவில்லை. திருப்பிப் பார்த்தேன், நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தேன். சதுரத்தின் அளவே வேறு. சரி, ராம் பார்ப்போம் என்று எடுத்தேன். அதன் வெட்டு ஓரிடத்தில் இருந்தது, மதர்போர்டின் மேடு வேறோர் இடத்தில் இருந்தது. கிராபிக்ஸ் கார்டைக் கேபினட்டுக்குள் விட்டால் உள்ளே குறுக்கே நிற்கும் தகடு இடித்து எட்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது. பவர் சப்ளையில் அந்தக் கார்டுக்கு வேண்டிய செருகியே கிடையாது. மானிட்டர் மட்டும் மானிட்டராக இருந்தது.

இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பை எடுத்தார். முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை நிதானமாகப் படித்தார். பிறகு தலை நிமிர்ந்து சொன்னார்.

"நடைமுறைல எந்தத் தப்பும் இல்லையே."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. "மேல்தாடை ஒருத்தனோடது, கீழ்த்தாடை வேறொருத்தனோடது, நாக்கு இன்னொரு ஊர்க்காரனோடது," என்றேன். "எல்லாம் குறைஞ்ச விலைதான், நான் இல்லைன்னு சொல்லல. பல்லு சேரலைன்னா ஆளு எதை வச்சு மெல்லுவான், உங்க ரசீதை வச்சா?"

இவர் ரசீதுகளைத் திருப்பிப் பார்த்தார். ஐந்து கடை ரசீதிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று முத்திரை குத்தியிருந்தது. மாதம் பிறக்க நான்கு நாள் இருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். டீச்சரின் கொழுந்தன் என் குன்றில் ஏறிப் படுப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது, அதையும் சேர்த்துக் கழுவினேன்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டேன். இவரும் போட்டார். மானிட்டரை வீட்டில் விட்டுவிட்டு மீதியை இரண்டு பையில் சுமந்துகொண்டு ஒல்லிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டுக்கட்டு பரப்புவதுபோல் மேஜையில் பரப்பினார். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"ஒவ்வொண்ணும் நல்ல சாமான்தான் சார்," என்றார். "ஒண்ணுக்கொண்ணு அறிமுகம் இல்ல, அவ்ளோதான்."

மதர்போர்டும் ராமும் பழைய ரகம், ரிப்பேருக்கு வரும் பெட்டிகளுக்கு ஆகும் என்று அவற்றைத் தாமே எடுத்துக்கொண்டார். பவர் சப்ளையையும் எடுத்துக்கொண்டார். பதிலுக்குப் பொருத்தமானவற்றை அலமாரியிலிருந்து இறக்கினார். மிச்சம் பிடித்த பணம் அத்தனையும் அதில் கரைந்து, மேலும் கொஞ்சம் துண்டு விழுந்தது. அப்போது டிஸ்க் அவர் கண்ணில் பட்டது.

"இவ்வளவு பெரிய டிஸ்க்கும் என் லிஸ்ட்ல இருந்ததுதான். பையனுக்கு இவ்வளவு ப்ராஜெக்ட் இருக்கா? சின்னதா மாத்திக்கிட்டா கணக்கு சரியா வந்துரும்."

இவர் யோசித்தார். பையனின் படிப்பில் கைவைக்க இவருக்கு மனம் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "மாத்திக்கோங்க," என்றேன் நான்.

"கேபினட்ட மட்டும் நான் எடுத்துக்க முடியாதும்மா. கார்டை விட்டுப் பாத்ததுல கீறல் விழுந்திருக்கு. எட்டு மில்லி இடிக்குது, வேறதான் வாங்கணும்."

"எட்டு மில்லிதானே. அத நான் பாத்துக்கறேன்."

அவர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "கீபோர்டு எது வேணா போதும். மவுஸ் மட்டும் கையப் பாத்துத்தான் குடுப்பேன். கைக்குச் சேராத மவுஸை வச்சிக்கிட்டு எந்தக் கார்டு போட்டும் பிரயோஜனம் இல்ல. பையனை ஒரு நிமிஷம் வரச்சொல்லுங்க," என்றார்.

"அவனுக்கு எக்ஸாம் நடக்குது," என்றார் இவர்.

"அப்ப அளவாவது சொல்லுங்க. உங்க கை மாதிரி இருக்குமா?"

இவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். நான் பக்கத்தில் நிற்கிறேன். விளையாடப்போகும் கை, இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை பார்த்த கை, இவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில் பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"என்னைவிடப் பெருசா இருக்கும்," என்றார். "உயரமான பையன்."

நான் பையைக் கீழே வைத்தேன். கையை எடுத்து மேஜைமேல், டிஸ்க்குக்கும் கார்டுக்கும் நடுவே வைத்தேன்.

"பையன்னு யாரும் கிடையாதுங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு, அவ வெளையாட மாட்டா. வெளையாடறது நான். கை இதுதான்."

கடைக்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். இவர் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையின் பக்கத்தில் போய் நின்று அதன் காலாவதித் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வெளையாடுவீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். பதினாறு நாளில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள்.

"தூரத்துலேர்ந்து சுடுவேன்."

"மத்தவங்க ஓடுவாங்க, நீங்க படுத்திருப்பீங்க."

"ஆமா."

"அப்ப லேசான மவுஸ், அதுக்கடியில பெரிய விரிப்பு." ஐந்தாறு மவுஸை எடுத்து வைத்தார். நான்காவது என் கைக்குள் வந்து உட்கார்ந்தது. "இத அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தப் பெரிய டிஸ்க்க எழுதியிருக்கவே மாட்டேன்மா. மொத லிஸ்ட்டே உங்க பணத்துக்குள்ள வந்திருக்கும்."

தீயணைப்பு உருளைப் பக்கம் இவர் இன்னும் அதே தேதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி நடக்கும்போது இவர் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாதி வழியில் நானே கேட்டேன். "கோவமா?"

"அந்த ஆளு என்ன நெனைப்பாரு."

"பொய் சொன்னீங்கன்னு நெனைப்பாரு. அதுக்கா?"

"அது இல்ல," என்றார். எது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பொய்யன் என்று பெயர் எடுப்பதுகூட இவருக்குப் பரவாயில்லை, நான் விளையாடுகிறேன் என்பதுதான் வெட்கம். வலித்தது. இருபத்து நான்கு வருடத்தில் வலித்த இடங்கள் பல உண்டு, இது புது இடம். கூடவே இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பையன் போய்விட்டது இவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகவும் இருந்திருக்கும். கணக்கில் புலி, நல்ல உயரம், எங்கே கிடைப்பான்.

வீட்டுக்கு வந்ததும் கோப்பை எடுத்து முன்னால் போட்டேன். "இதுலயாவது பேரை மாத்துங்க."

"ஒப்புதல் ஆன ஃபைல். இனிமே திருத்த முடியாது," என்றார். குரலில் தெம்பில்லை, ஆனால் விதியை விடவில்லை.

மறுநாள் கேபினட்டைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வேலைக்குப் போனேன். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும், உலோகப் பல் வெட்டும் சின்னச் சக்கரத்தை மாட்டி, குறுக்கே நின்ற தகட்டில் பத்து மில்லிமீட்டர் வெட்டி எடுத்தேன். வெட்டிய விளிம்பு கூராக இருந்தது. ராவினேன். ராவியதோடு விட்டிருக்கலாம், பழக்கதோஷம், நாக்கு படும் இடம்போல் மெருகும் ஏற்றினேன். அந்தக் கேபினட்டுக்குள் யாராவது நாக்கை விட்டாலும் குத்தாது. மெருகேற்றிக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்து பின்னால் நின்றார்.

"இது யாரோட தாடை?"

"பையனுக்கு கம்ப்யூட்டர் சார்," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. வாயில் அப்படியே வந்துவிட்டது. எனக்குப் பையன் இல்லை என்பது அவருக்கும் மறந்துபோயிருக்க வேண்டும், நன்றாகப் படிக்கச் சொல்லு என்று சொல்லிவிட்டுப் போனார். இவரைக் குற்றம் சொல்லி ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. அந்தப் பையன் எவ்வளவு சௌகரியமானவன் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு என்மேலேயே எனக்குக் கோபமாக இருந்தது.

முப்பதாம் தேதி எல்லாவற்றையும் சேர்த்தேன். பிராசஸர் தானாக உட்கார்ந்தது. ராம் 'டக்' என்று கடித்துக்கொண்டது. கார்டு தகட்டைத் தொடாமல் உள்ளே போனது. பொத்தானை அமுக்கினேன், விசிறி சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. இவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "மெருகு நல்லா ஏத்தியிருக்க," என்றார். கேபினட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி, அதில் 'எண் 1' என்று எழுதிவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் எண் இரண்டு எதுவும் கிடையாது.

ஒன்றாம் தேதி ஏழு மணி. படுக்கையறை ஜன்னலோரம் மேஜை, ஒரு காதில் ஹெட்போன், மறு காது வீட்டுக்கு.

"அக்கா வந்தாச்சு," என்று கத்தினான் லாரி. தூக்கம் விழித்துக்கொண்டார். டீச்சர், கொழுந்தனிடம் வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லையாம், ஒரு நாள் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தாளாம். எனக்கு அது சுருக்கென்றது, நியாயமாகவும் இருந்தது. கீபோர்டில் விரல் வழி தெரியாமல் தடுமாறியது. முதல் ஆட்டத்தில் என்னைச் சுட்டுவிட்டார்கள். இரண்டாவதில் நானே பாறையிலிருந்து விழுந்தேன். கொழுந்தன் நினைப்பு எல்லோருக்கும் வந்திருக்கும்.

மூன்றாவது ஆட்டத்தில் மவுஸ் கைக்குப் பழகியது. ஒருவன், இரண்டாமவன், மூன்றாமவன். எதிரிகளில் மிஞ்சியது ஒரே ஆள். உடைந்த பாலத்துக்கு அப்பால், ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். லாரியும் டீச்சரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். "அக்கா, தலையத் தூக்குவான், பாத்துக்கோங்க," என்றார் தூக்கம்.

அப்போது வாசல் மணி அடித்தது.

இவர் எழுந்து போகும் காலடிச் சத்தம் கேட்டது. போகிற வழியில் படுக்கையறைக் கதவைச் சாத்துவார். சாத்தவில்லை. மறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கதவு திறந்தது, மேல்வீட்டு அம்மாவின் குரல் கேட்டது. தையல் ஊசி வேண்டும் என்று வந்தவர், வழக்கம்போல அதையும் கேட்டார். "அவளுக்கு இன்னிக்கும் தலைவலியா? தைலம் எடுத்துட்டு வரட்டுமா?"

அடுத்து வரும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். என் உதடே அதை முணுமுணுக்கத் தயாராக இருந்தது. தூணுக்குப் பின்னால் ஒரு தொப்பி அசைந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு குறிவைத்தேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவங்களுக்குத் தலைவலியெல்லாம் கெடையாதுங்க," என்றார். "கம்ப்யூட்டர்ல வெளையாடிட்டு இருக்காங்க. தூரத்துலேர்ந்து சுடுவாங்க. நல்லா சுடுவாங்களாம். நீங்க எட்டு மணிக்கு மேல வாங்களேன்."

தலை முழுதாக வெளியே வந்தது. சின்னக் குழந்தைகூட அடித்திருக்கும். நான் சுட்டேன். குண்டு தூணில் பட்டுத் தெறித்தது. அவன் திரும்பி லாரியைச் சுட்டான், பிறகு டீச்சரை, பிறகு தூக்கத்தை, நிதானமாகக் கடைசியில் என்னை.

வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா," என்றான் லாரி. "என்னாச்சு? ரெண்டு வருஷத்துல அந்தத் தூரத்துக்கு நீங்க தவறி நான் பாத்ததே இல்லையே."

"ஒண்ணுமில்லப்பா," என்றேன். "கை நடுங்கிடுச்சு."